மாதத்துக்கு முப்பது மாத்திரை

அம்பாசமுத்திரத்தில் மோட்டார் பம்பு ரிப்பேர் பார்க்கும் பாபநாசத்துக்கு மே மாதக் கடைசியில், ஒரு வயல் கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சில் வலி வந்தது. வலியோடேயே பம்பை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கீழே உட்கார்ந்தார். அவர் மனைவி உலகம்மாள் கார் பிடித்து, பாளையங்கோட்டையில் தென்கரை அறக்கட்டளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். அங்கே ஷம்ஸியா என்ற இளம் இதய டாக்டர், மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு, ரத்தக்குழாயில் இருந்த அடைப்பைப் பலூனால் விரித்து, அந்த இடத்தில் ஒரு சின்ன வலைக்குழாயைப் பொருத்தினாள். ஸ்டென்ட் என்றார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஷம்ஸியா கட்டிலருகே நின்று நிதானமாகச் சொன்னாள்.

"அண்ணாச்சி, வலை வச்சதோட வேலை முடியல. உங்க உடம்புக்கு அது வேத்துப் பொருள். அது மேல ரத்தம் உறையப் பாக்கும். உறைஞ்சா குழா திரும்ப அடைச்சிரும். மத்த மாத்திரையெல்லாம் ஊர்க் கடையில வாங்கிக்கிடலாம். இந்த ஒண்ணை மட்டும் இங்கன மையத்துல குடுப்பாங்க. ஒரு வருசத்துக்கு ஒரு நாள் கூட விடக்கூடாது. கோயில் கொடை, கல்யாணம், எழவு, எதுவானாலும் சரி."

"விட்டா?"

"விட்டா திரும்ப இங்கன வருவிய. வந்து சேந்தா பாப்போம்."

பாபநாசத்துக்கு அது நன்றாக விளங்கியது. அவர் மிஷினோடு பழகியவர். ஆனால் மையம் என்று ஒன்று இருப்பதன் அர்த்தம் அப்போது அவருக்குத் தெரியாது.

மையம் மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் தனிக் கட்டடத்தில் இருந்தது. அதன் முழுப் பெயர் 'மீள் அடைப்புத் தடுப்பு மற்றும் மருந்துத் தவறாமை உறுதிப்பாட்டு மையம்'. பலகையைப் படித்து முடிப்பதற்குள் உள்ளே டோக்கன் தீர்ந்துவிடும். இயக்குநர் டாக்டர் குமரகுருபரன். அவர் வைத்தியம் படித்த டாக்டர் அல்ல, நிர்வாகவியலில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். அதனால் நோயாளிகளை அவர் நோயாளி என்று சொல்லமாட்டார். பயனாளி என்பார்.

ஜூன் முதல் தேதி, புதுப் பயனாளிகள் இருபது பேரை நிற்க வைத்து, வலது கையை நீட்டச் சொல்லி, 'ஒருநாளும் தவறேன்' என்று மூன்று முறை உறுதிமொழி வாங்கினார்கள். பிறகு இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, மாத்திரை முக்கியமல்ல. மாத்திரையை நீங்கள் விழுங்கினீர்கள் என்பதற்கான ஆவணம் முக்கியம். ஆவணமில்லாமல் விழுங்கப்பட்ட மாத்திரை எங்களைப் பொறுத்தவரை விழுங்கப்படாத மாத்திரை."

பின்னாலிருந்த ஒரு பெரியவர், ஆவணம் இருந்து மாத்திரை விழுங்காவிட்டால் எப்படி என்று கேட்டார். அது நல்ல கேள்வி என்று இயக்குநர் பாராட்டிவிட்டு உட்கார்ந்தார்.

விதிகளை ஒருங்கிணைப்பாளர் விஜயஸ்ரீ வாசித்தாள். டாக்டர் எழுதிய சீட்டும் பரிசோதனை அறிக்கைகளும் மையத்தின் கோப்பில்தான் இருக்கும், வெளியே தரப்படாது. மாதம் ஒருமுறை பயனாளியே நேரில் வரவேண்டும். தின்று முடித்த காலி அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த அட்டை. வெளியே வாங்கித் தின்றால் நீக்கம். விஜயஸ்ரீக்கு நல்ல குரல். நீக்கம் என்ற சொல்லைக்கூட அவள் பரிசு கொடுப்பதுபோலச் சொன்னாள்.

ஜூன் மாதம் குறையில்லாமல் போனது. ஜூலை முதல் தேதி பாபநாசம் காலி அட்டைகளைக் கொடுத்து, புதிதாக இரண்டு அட்டை வாங்கி, கவுண்டரிலேயே நின்று எண்ணினார். ஒரு அட்டைக்குப் பதினைந்து.

"தம்பி, இதுல முப்பது இருக்கு. ஜூலைக்கு முப்பத்தொரு நாளுல்லா."

கம்பிக்குப் பின்னாலிருந்த மருந்தாளுநர் தேவேந்திரன் தலையை நிமிர்த்தவில்லை. "மாசத்துக்கு முப்பதுதான் அண்ணாச்சி."

"சரி. முப்பத்தொண்ணாந் தேதிக்கு?"

"மையத்துல மாசம்னா முப்பது நாளு. நிர்வாகக் குழுத் தீர்மானம்."

"அப்ப முப்பத்தொண்ணாந் தேதி?"

"அது மையத்துக்கு வராது."

"எனக்கு வருமே வே."

தேவேந்திரன் இப்போது நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தத்தைப் பதிவு செய்ய அவனிடம் பதிவேடு இல்லை. விஜயஸ்ரீயைப் போய்ப் பார்க்கச் சொன்னான்.

விஜயஸ்ரீ அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "உங்க அக்கறை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரு மாத்திரை கூடுதலா வேணும்னு விண்ணப்பம் குடுங்க, பரிசீலிப்போம்."

அடுத்த மூன்று வாரமும் பாபநாசம் அம்பாசமுத்திரத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் பஸ்ஸில் அலைந்தார். வெள்ளைத்தாளில் எழுதியது செல்லாது, படிவம் வேண்டும் என்றார்கள். படிவம் வெள்ளிக்கிழமை மட்டும் தருவார்கள். படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'ஜூலைக்கு முப்பத்தொரு நாள்' என்று எழுதினார். அதற்குச் சான்று கேட்டார்கள். வீட்டில் தொங்கிய தினசரிக் காலண்டரை ஆணியோடு கழற்றிக் கொண்டுபோனார். விஜயஸ்ரீ அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதைச் சான்றா ஏத்துக்க முடியாதுங்க. இதுல பல்லி விழும் பலனெல்லாம் போட்டிருக்கு."

"தேதியும் போட்டிருக்கும்மா."

"அதிகாரி யாராவது சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டா ஏத்துக்கலாம்."

அம்பாசமுத்திரத்தில் பாபநாசத்துக்குப் பழக்கமான அதிகாரி கால்நடை மருத்துவர் மணிராஜ் ஒருவர்தான். அவர் வீட்டு பம்பை இவர் இரண்டு முறை சரிசெய்திருக்கிறார். மணிராஜ் காலண்டரை வாங்கி, ஜூலை முப்பத்தொன்றாம் தேதித் தாளை இரண்டு பக்கமும் பார்த்து, 'மேற்படி மாதத்தில் முப்பத்தொரு நாட்கள் உள்ளன எனச் சான்றளிக்கிறேன்' என்று பச்சை மையில் எழுதி முத்திரை வைத்தார். "எருமை கன்னு போட்டதுக்குச் சான்று குடுத்திருக்கேன் வே," என்றார். "மாசத்துக்குக் குடுக்குறது இதான் மொத தடவை."

சான்றை மையம் ஏற்றுக்கொண்டது. விண்ணப்பத்துக்கு எண் போட்டு, அக்டோபரில் கூடும் குழுவுக்கு அனுப்பி வைத்தது.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி காலையில் பாபநாசம் பஸ் ஏறி நேராக மருத்துவமனைக்குப் போய், வார்டு வாசலில் ஷம்ஸியாவைப் பிடித்தார். விவரத்தைக் கேட்டதும் அவள் உள்ளே போய், வார்டு அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைக் கத்தரித்துக் கொண்டுவந்து, தன் கண் முன்னாலேயே அவரை விழுங்க வைத்தாள்.

"ஒரு மாத்திரைக்கா ஒரு மாசமா அலைஞ்சிய?"

"பதினோரு நடை டாக்டரம்மா."

மறுநாள் சனிக்கிழமை, ஆகஸ்டு முதல் தேதி. காலி அட்டைகளை நீட்டினார். தேவேந்திரன் பதிவேட்டில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்து நின்றான்.

"நாள் முப்பத்தொண்ணு. மாத்திரை முப்பது. ஒரு நாள் இடிக்குது அண்ணாச்சி."

"மையத்துக்கு முப்பத்தொண்ணாந் தேதி வராதுன்னியே."

"குடுக்கும்போது வராது. கணக்கு எடுக்கும்போது வரும்."

பாபநாசம், அந்த ஒரு மாத்திரையை ஷம்ஸியா டாக்டர் கொடுத்தார் என்று சொன்னார். அந்த மாத்திரையின் அட்டை எங்கே என்று தேவேந்திரன் கேட்டான். அட்டை வார்டில் இருந்தது. அவன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி, நான் ரெண்டுல ஒண்ணுதான் எழுத முடியும். ஒரு நாள் தவறவிட்டியன்னு எழுதலாம். இல்ல, வெளி மாத்திரை சாப்பிட்டியன்னு எழுதலாம்."

"எது நல்லது?"

"தவறவிட்டா ஆலோசனை வகுப்பு. வெளி மாத்திரைக்கு நீக்கம்."

ஒரு நாளும் தவறவிடாத பாபநாசம், தவறவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆலோசனை வகுப்பு புதன்கிழமை. அதுவரை மாத்திரை நிறுத்தி வைக்கப்படும். மாத்திரையைத் தவறவிடாமல் சாப்பிடுவது எப்படி என்று தெரிந்துகொள்ளாத ஆளிடம் மாத்திரையைக் கொடுப்பது பொறுப்பில்லாத செயல் என்று விதியில் இருந்தது.

அவர் சாலையைக் கடந்து ஷம்ஸியாவைத் தேடிப் போனார். ஆபரேஷனில் இருக்கிறாள் என்றார்கள். சாயங்காலம் வரை காத்திருந்தும் அவளைப் பார்க்க முடியாமல் ஊருக்குத் திரும்பினார். உலகம்மாள் விஷயத்தைக் கேட்டதும் அவரைக் கூட்டிக்கொண்டு தாவூதின் மருந்துக் கடைக்குப் போனாள்.

"மாத்திரை பேரு என்ன அண்ணாச்சி?" என்றார் தாவூது.

பாபநாசத்துக்குப் பெயர் வாயில் வரவில்லை. பம்பு பாகம் நூற்றுக்கு அவருக்குப் பெயர் தெரியும். இது இங்கிலீஷில் நீளமாக இருந்தது. சீட்டு மையத்தில். அட்டையும் மையத்தில்.

"மஞ்சளா, வட்டமா இருக்கும்."

"மஞ்சளா வட்டமா எங்கிட்ட நாப்பது இருக்கு. இது ரத்தத்தை இளக்குற சமாச்சாரம். தப்பா ஒண்ணைக் குடுத்து நீங்க வாயில மூக்குல ரத்தம் விட்டா நான் அல்லாவுக்குப் பதில் சொல்லணும். பேரை மட்டும் எழுதி வாங்கிட்டு வாங்க, அடுத்த நிமிசம் தாரேன்."

திங்கட்கிழமை இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். ஷம்ஸியா மதுரையில் இருந்தாள். வார்டு இருப்பில் குறைந்த ஒரு மாத்திரையை அட்டையில்லாமல் வழங்கியதற்காக அவளுக்கு மெமோ கொடுத்து, 'மருந்து வழங்கலில் ஒழுங்கு' என்ற மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். இவர்கள் அவள் போன் நம்பரைக் கேட்டார்கள். தருவதற்கில்லை என்று பதில் வந்தது. வேறு ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். அவர் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, கோப்பைப் பார்க்காமல் எழுத முடியாது என்றார். கோப்பு மையத்தில். மையத்தில், டாக்டர் எழுதிக் கேட்டால் கோப்பை அனுப்புவோம் என்றார்கள். டாக்டர், கோப்பு வந்தால் எழுதுவேன் என்றார். உலகம்மாள் சாலையை நான்கு முறை கடந்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வலிக்குதா?" என்று சேரன்மகாதேவி வருவதற்குள் மூன்று முறை கேட்டாள். இல்லை என்றார். உண்மையில் அப்போது வலிக்கவில்லை. ஆனால் மூச்சு விடும்போதெல்லாம் அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை விஜயஸ்ரீயே போன் பண்ணினாள்.

"அண்ணாச்சி, உங்க பதிவைப் பாத்தேன். ரெண்டு மாசத்துல பதினாலு தடவை மையத்துக்கு வந்திருக்கீங்க. இவ்வளவு ஈடுபாடுள்ள பயனாளி நமக்கு வேற யாருமே இல்ல. நாளைக்கு நம்ம ஆண்டு விழா. முன்மாதிரிப் பயனாளியா உங்களை மேடையில உக்கார வைக்கலாம்னு சார் சொல்லிட்டாங்க."

"நாளைக்கு எனக்கு ஆலோசனை வகுப்புல்லா."

"விழா முடிஞ்சதும் அஞ்சு நிமிசத்துல முடிச்சிரலாம். கையோட மாத்திரை வாங்கிக்கலாம். நீங்க மேடையில ரெண்டு வார்த்தை பேசுனா போதும்."

"மாத்திரை நாலு நாளா இல்லைன்னு பேசலாமா?"

"அது கொஞ்சம் எதிர்மறையா இருக்கும்," என்றாள் விஜயஸ்ரீ, அதே நல்ல குரலில்.

உலகம்மாள் போக வேண்டாம் என்றாள். பாபநாசம், "மாத்திரை அங்கனதான இருக்கு," என்றார். அவளும் கூடவே கிளம்பினாள்.

புதன்கிழமை காலை மையத்துக்குப் போனதும் முதலில் கவுண்டருக்குத்தான் போனார். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. 'விழாவை முன்னிட்டு மருந்து வழங்கல் இல்லை' என்று எழுதி ஒட்டியிருந்தது. தேவேந்திரனை மேடையில் சால்வைத் தட்டைப் பிடித்து நிற்கச் சொல்லியிருந்தார்கள். அரங்கு நிறைய ஊழியர்கள். பயிற்சியிலிருந்து அன்று காலைதான் திரும்பியிருந்த ஷம்ஸியாவும், கட்டாயம் வரவேண்டும் என்ற சுற்றறிக்கையின்படி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாபநாசத்துக்கு ஒரு சால்வை போர்த்தி, மேடையில் இரண்டாவது நாற்காலியைக் கொடுத்தார்கள்.

இயக்குநர் பேச எழுந்தார்.

"இந்தியாவிலேயே நூற்றுக்கு நூறு மருந்துத் தவறாமையை எட்டிய ஒரே மையம் நம்முடையது. எப்படி என்று வெளிநாட்டவர்கூடக் கேட்கிறார்கள். ரகசியம் எளிமையானது. தவறவிடுகிறவர்களை நாம் வைத்துக்கொள்வதில்லை. சென்ற ஆண்டு நானூற்றுப் பன்னிரண்டு பேரோடு தொடங்கினோம். இன்று முப்பத்தேழு பேர் இருக்கிறார்கள். அந்த முப்பத்தேழு பேரும் ஒருநாளும் தவறியதில்லை."

கைதட்டல் எழுந்தது. அவர் கையமர்த்தினார்.

"மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று சிலர் கேட்பார்கள். அதைக் கேட்பது நம் வேலையல்ல. நீக்கப்பட்ட பிறகு ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று விசாரிப்பது அவருடைய தனிப்பட்ட வாழ்க்கையில் தலையிடுவது. நாம் கண்ணியமான நிறுவனம்."

இந்தச் சமயத்தில்தான் பாபநாசத்துக்கு வலி வந்தது. கிணற்று மேட்டில் வந்த அதே வலி. ஒருமுறை சந்தித்தவருக்கு அடையாளம் தெரியும். சால்வைக்குள் வியர்த்தது. இடது கை கனத்தது. பக்கத்தில் நின்ற தேவேந்திரனிடம், "தம்பி, வலிக்கி," என்றார். தேவேந்திரன் பதறி விஜயஸ்ரீயிடம் போய்ச் சொன்னான். அவள் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு, உறுதிமொழியும் நன்றியுரையும்தான் பாக்கி என்றாள்.

கீழே முதல் வரிசையில் இருந்த உலகம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகம் போன போக்கே போதும். எழுந்து பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் தெரிந்த முகத்தை நோக்கி நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள்.

"டாக்டரம்மா, அஞ்சு நாளா அவுக மாத்திரை சாப்பிடல. இவங்க குடுக்கல."

ஷம்ஸியா எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

அப்போது இயக்குநர் உறுதிமொழியைத் தொடங்கியிருந்தார். அரங்கிலும் மேடையிலும் இருந்த மற்ற எல்லோரும் எழுந்து நின்று வலது கையை நீட்டினார்கள். பாபநாசம் நாற்காலியிலிருந்து சரிந்தார். அத்தனை கைகள் நீண்டிருந்தன. ஒரு கைகூட அவரைப் பிடிக்கவில்லை. உறுதிமொழியின் பாதியில் கையை மடக்கக் கூடாது என்று ஒத்திகையில் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது 'ஒருநாளும் தவறேன்' முடிவதற்குள் ஷம்ஸியா மேடை ஏறி அவர் கழுத்தில் விரலை வைத்திருந்தாள்.

"பயனாளி உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்," என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

தேவேந்திரன்தான் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கால் பக்கம் தூக்கினான். உலகம்மாளும் ஷம்ஸியாவும் தோள் பக்கம். சாலைக்கு அந்தப் பக்கம்தான் மருத்துவமனை என்பதால் பாபநாசம் பிழைத்தார். வலைக்குழாயில் உறைந்திருந்த ரத்தத்தை உறிஞ்சி எடுத்து, திரும்ப விரித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஷம்ஸியா வெளியே வந்து உலகம்மாள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "இருக்காக," என்றாள். அதன் பிறகுதான் உலகம்மாள் அழுதாள்.

மூன்றாம் நாள் இயக்குநர் பழக்கூடையோடு வார்டுக்கு வந்தார். முகத்தில் நிஜமான பரிவு இருந்தது.

"பாபநாசம் அவர்களே, நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்களால் மையத்துக்கு எந்தக் களங்கமும் இல்லை. உங்கள் நீக்க உத்தரவு அன்று காலை ஒன்பது மணிக்கே கையெழுத்தாகிவிட்டது. விழா பத்து மணிக்கு. ஆகவே வலி வந்தபோது நீங்கள் எங்கள் பயனாளி அல்ல."

"மேடையில உக்கார வச்சியளே."

"பொதுமக்கள் சார்பில். உடல் தேறியதும் புதிதாகச் சேர்ந்துகொள்ளலாம். உறுதிமொழி மட்டும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்."

உலகம்மாள் பழக்கூடையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். இயக்குநர் அதை வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வீட்டுக்குப் போகும் நாளில் ஷம்ஸியா மாத்திரையின் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அனுமதியில்லாமல் மேடையேறியதற்காக அவளுக்கு இரண்டாவது மெமோ வந்திருந்தது. மாதக் கடைசியோடு வேலையை விடுவதாகச் சொன்னாள். "எந்தக் கடையிலயும் வாங்குங்க. ஆனா பழைய ரிப்போர்ட்டு மையத்துல கெடக்கு. நாளைக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அது வேணும்."

உலகம்மாள் அவரை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தனியாகச் சாலையைக் கடந்தாள். கவுண்டரில் தேவேந்திரன் இருந்தான்.

"அவுக கோப்பு வேணும்."

"கோப்பு வெளிய போகக் கூடாதுக்கா. விதி இருக்கு." சொல்லிக்கொண்டே அவன் பக்கக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினான். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். "மூணாவது தட்டுல அஞ்சாவது இருக்கும். அதை மட்டும் யாரும் தொடக் கூடாது."

உலகம்மாள் அதைத் தொட்டு, எடுத்து, பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாபநாசம் கோப்பைப் பிரித்தார். அறிக்கைகள் இருந்தன. காலை ஒன்பது மணி நீக்க உத்தரவு இருந்தது. அடியில், அன்றாடம் மாத்திரை உட்கொண்ட விவரப் பட்டியல் ஒன்று விஜயஸ்ரீயின் அழகான கையெழுத்தில் இருந்தது. ஆகஸ்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எல்லாவற்றுக்கும் நேரே 'உட்கொண்டார்' என்று போட்டிருந்தது. மேடையில் விழுந்த நாளுக்கும் போட்டிருந்தது. அவர் பக்கத்தைப் புரட்டினார். செப்டம்பர், அக்டோபர், பொங்கல் மாதம், பங்குனி உத்திரம் வரும் மாதம் என்று வரிசையாக, அடுத்த மே முப்பது வரைக்கும் 'உட்கொண்டார்'. ஆண்டறிக்கைக்காக முன்கூட்டியே முடித்து வைத்திருந்தாள்.

"ஏட்டி," என்றார் பாபநாசம். "அடுத்த மே மாசம் வரைக்கும் நான் சாகலன்னு எழுதி வச்சிருக்காங்க."

"அவங்க எழுத்துக்காகத்தான் அஞ்சு நாள் அலைஞ்சோம்," என்றாள் உலகம்மாள். பாளையங்கோட்டையிலேயே வாங்கியிருந்த அட்டையைப் பிதுக்கி, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் எடுத்தாள். மறு கையில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். "வாயத் தொறங்க."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்வரை அவள் கையை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு கொடுத்தாள். அவர் விழுங்கினார்.